பாதி வழி வெயில்... பாதி வழி சாரல்! பைக் ஜாக்கெட் வாங்கப் போறீங்களா?

‘பைக் ஓட்டறதுக்கு ஒரு சட்டை... அதுக்கு ஏழாயிரம், எட்டாயிரமா? அந்தக் காசுல வீட்ல எல்லாருக்கும் தீபாவளித் துணி எடுத்துடலாமே!’

மகன் கடையிலிருந்து போன் பண்ணி ஜாக்கெட் விலையைச் சொன்னதும், முக்கால்வாசி வீடுகளில் வருகிற முதல் பதில் இதுதான். நியாயமான பதிலும்கூட. ஜாக்கெட் என்றதும் நம் கண்ணுக்குத் தெரிவது சினிமா ஹீரோ, கறுப்புத் தோல், கூலிங் கிளாஸ்! ‘இந்த வேக்காட்டுல எவன் அதைப் போடுவான்’ என்று அப்பா சொல்வதிலும் தப்பில்லை.

ஆனால், கொஞ்சம் பொறுங்கள். பைக் ஜாக்கெட் என்பது ஸ்டைலுக்காகத் தைத்த சட்டை அல்ல. உள்ளே தோள், முழங்கை, முதுகு ஆகிய இடங்களில் கவசம் வைத்துத் தைத்த ஒரு மருத்துவச் சாதனம் என்றே சொல்லலாம். அதை எப்படிப் பார்த்து வாங்குவது, நம்மூர் வெயிலுக்கும் மழைக்கும் எது தாங்கும் என்பதுதான் விஷயம்.

இதற்கு உதாரணமாக ஒரு வழித்தடத்தை எடுத்துக்கொள்வோமா? திருவேங்கடம் டு குற்றாலம்!

திருவேங்கடம் என்றதும் திருப்பதி என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள். இது தென்காசி மாவட்டத்துத் திருவேங்கடம். 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரித்துத் தென்காசி தனி மாவட்டம் ஆனபோது அதோடு வந்த ஊர். கழுகுமலை, கோவில்பட்டிப் பக்கம் நீளுகிற கரிசல் பூமி. பருத்தி, சோளம், மக்காச்சோளம், தீப்பெட்டி ஆபீஸ்... சித்திரை, வைகாசியில் தார் ரோட்டில் கானல் நெளியும். வெயில் 38, 39 டிகிரி என்பதெல்லாம் அங்கே செய்தியே இல்லை.

அங்கிருந்து ஆடி மாதத்தில் பைக்கை எடுங்கள். சங்கரன்கோவிலில் ஆடித் தபசு பார்த்துவிட்டு, அப்படியே குற்றாலத்தில் ஒரு குளியல் போட்டுவிட்டு வருவதென்பது அந்தப் பக்கத்துக் குடும்பங்களின் பழைய வழக்கம்தானே. சங்கரன்கோவில் வரைக்கும் முகத்தில் அனல் காற்று. புளியங்குடி தாண்டி மலையை ஒட்டிய கொல்லம் - திருமங்கலம் நெடுஞ்சாலையில் ஏறியதும் காற்றின் குணம் மாறும். கடையநல்லூரில் மேகம் கவிந்திருக்கும். தென்காசி எல்லையில் பூந்தூறல். ஐந்தருவிக்குப் போவதற்குள் சட்டை நனைந்து பல் கிட்டும்! ஒரே பயணம், இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு பருவம். ‘எல்லாக் காலத்துக்கும் ஏற்ற ஜாக்கெட்’ என்று எவனாவது விளம்பரம் செய்தால், அவனை முதலில் இந்த ரோட்டில் ஒருநாள் ஓட்டச் சொல்ல வேண்டும்!

தோல் என்ன பாடுபடும்?

மழைக்கும் வெயிலுக்கும் முன்னால், விழுந்தால் என்ன ஆகும் என்பதைப் பார்த்துவிடலாம். பயமுறுத்த அல்ல. எதற்காகக் காசு கொடுக்கிறோம் என்று தெரிய வேண்டாமா?

நம் உடம்பின் மேல்தோல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம்தான் இருக்கும். அதன் அடியில் ரத்தக் குழாய்களும் நரம்புகளும் ஓடுகிற உட்தோல், இடத்துக்கு இடம் ஒன்றிலிருந்து நாலு மில்லிமீட்டர் வரை. அவ்வளவுதான் நம் சொத்து!

60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற பைக் சறுக்கினால், ஓட்டுகிறவர் கிட்டத்தட்ட 20 மீட்டருக்கு மேல் ரோட்டில் தேய்ந்துகொண்டே போக வாய்ப்பு உண்டு. ஏறத்தாழ இரண்டு பஸ்ஸை முன்னும் பின்னுமாக நிறுத்திய நீளம். சாதாரணக் காட்டன் சட்டை ஒரு நொடிகூடத் தாங்காது. அப்புறம் தேய்வது நாம்தான். ஜல்லியும் மண்ணும் சதைக்குள் ஏறிவிடும். மருத்துவமனையில் அதைத் தேய்த்துக் கழுவி எடுக்கிறபோது படுகிற வேதனை, விழுந்தபோது பட்டதைவிட அதிகம் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்வார்கள். முழங்கையில் தோல் முழுசாகப் போய்விட்டால் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டிவரும். ஆறின பிறகும் தழும்பு இறுகி, கை முழுசாக நீட்ட வராமல் போகலாம்.

இன்னொரு கணக்கு. வேகம் இரண்டு மடங்கானால் மோதுகிற சக்தி இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு! ‘பக்கத்துலதானே போறேன், அறுபதுலதானே போறேன்’ என்கிற பையனுக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். முப்பதில் விழுவதைவிட அறுபதில் விழுவது நாலு பங்கு.

நம் நாட்டில் 2022-ல் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு இது. இதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த வருடம் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் எந்த மாநிலத்துக்குத் தெரியுமா? நம் தமிழ்நாட்டுக்கு.

ஜாக்கெட் போட்டால் இதெல்லாம் நின்றுவிடுமா? நிற்காது. லாரி மோதினாலும், புளியமரத்தில் போய் அடித்தாலும் எந்தச் சட்டையும் காப்பாற்றாது. இறந்துபோவதிலிருந்து காப்பாற்றுவது முதலில் ஹெல்மெட்தான். அதுவும் ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்டது. 2021 ஜூன் 1-லிருந்து அந்த முத்திரை இல்லாத டூவீலர் ஹெல்மெட்டை விற்பதே சட்டப்படி தப்பு. கையில் மூவாயிரம் ரூபாய்தான் இருக்கிறது, ஹெல்மெட்டா ஜாக்கெட்டா என்று யோசிக்கிறீர்களா? யோசனையே வேண்டாம். நல்ல ஹெல்மெட். மீதியில் ஒரு ஜோடி கையுறை. ஜாக்கெட்டை அடுத்த போனஸுக்குத் தள்ளிப் போடுங்கள்.

கையுறையை ஏன் சொல்கிறேன் என்றால், அதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் விபத்தில் சிக்கிய 212 பைக் ஓட்டிகளை ஆராய்ந்து 2011-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பைக் ஜாக்கெட் போட்டிருந்தவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படும் வாய்ப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. பைக் ஓட்டுவதற்கென்று தைத்த பேன்ட் போட்டவர்களுக்குப் பாதியாகக் குறைந்தது. கையுறைக்கோ பாதிக்கும் கீழே! விழுகிற எந்த மனுஷனும் முதலில் கையைத்தானே ஊன்றுகிறான்?

அதே ஆய்வில் வயிற்றில் புளியைக் கரைக்கிற ஒரு தகவலும் இருக்கிறது. விபத்தில் அடிபட்ட ஜாக்கெட்டுகளில் பத்துக்கு மூன்று, தாங்காமல் கிழிந்தோ தையல் விட்டோ போயிருந்தன. ஆக, ஜாக்கெட் என்று பெயர் இருந்தால் போதாது. பார்த்து வாங்க வேண்டும்.

லேபிளைப் படிக்கத் தெரியுமா?

ஹெல்மெட்டுக்கு இருப்பது மாதிரி ஜாக்கெட்டுக்கு நம் நாட்டில் சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை. அதனால் கடைக்காரர் அண்ணாச்சி சொன்னதுதான் வேதம் என்றாகிவிடுகிறது. நமக்கு இப்போதைக்குக் கைகொடுப்பது ஐரோப்பிய முத்திரை. ‘சி.இ.’ என்ற இரண்டு எழுத்து.

இதில்தான் பெரிய குழப்பம் நடக்கிறது. ‘சி.இ. இருக்கு சார்’ என்று கடையில் காட்டுவது பெரும்பாலும் உள்ளே இருக்கிற தோள், முழங்கைக் கவசத்துண்டின் முத்திரையை. அது அந்தத் துண்டுக்கு மட்டும்தான். சுற்றியிருக்கிற துணிக்கும் தையலுக்கும் அல்ல! துண்டு நல்லதாக இருந்து துணி கிழிந்துவிட்டால், துண்டு ஒரு பக்கம் போகும், கை ஒரு பக்கம் தேயும். முழு ஜாக்கெட்டுக்கும் சோதனை நடந்திருந்தால் உள்பக்கத் தையலில் ஒரு தனி லேபிள் இருக்கும். அதில் மோட்டார்சைக்கிள் ஓட்டுகிற உருவமும் ‘ஈ.என். 17092’ என்ற எண்ணும் பார்க்கலாம்.

அந்த எண்ணுக்குப் பக்கத்தில் தரவரிசை எழுத்து இருக்கும். மூன்று ஏ என்றால் உயர்ந்த ரகம். சுழலுகிற யந்திரத்தில் துணியைக் கட்டி, கரடான தளத்தில் தேயவிட்டுச் சோதிக்கிறார்கள். மூன்று ஏ ரகத்துக்குச் சுமார் 120 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்து தேய்வதற்குச் சமமான சோதனை. இரண்டு ஏ ரகத்துக்குச் சுமார் 70. ஒற்றை ஏ என்றால் சுமார் 45. ‘பி’ என்றிருந்தால் துணி ஒற்றை ஏ மாதிரிதான், ஆனால் கவசத்துண்டு கிடையாது. ‘சி’ என்பது கவசத்துண்டைச் சுமக்கிற வலை மாதிரி. மேலே வேறு ஜாக்கெட் போட்டால்தான் உபயோகம்.

ஊருக்குள் வேலைக்குப் போய் வருகிறவருக்கு ஒற்றை ஏ போதும். நெடுஞ்சாலையில் தினமும் போகிறவர் என்றால் என் ஓட்டு இரண்டு ஏ-வுக்கு. மூன்று ஏ பெரும்பாலும் கனத்த தோலில் வருகிறது. ஆம்பூர், வாணியம்பாடியில் பதனிட்ட நம்மூர்த் தோல் உலகம் முழுக்கப் போகிறது, பெருமைதான். ஆனால், அதை மாட்டிக்கொண்டு சித்திரை மாதம் சங்கரன்கோவில் ரோட்டில் போனால், விழாமலேயே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிவரும்!

கவசத்துண்டுக்குத் தனி நிலை உண்டு. 5 கிலோ எடையை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்திலிருந்து அதன்மேல் விழ வைத்து, அடியில் எவ்வளவு அடி இறங்குகிறது என்று அளப்பார்கள். தோள், முழங்கைத் துண்டுகளுக்கு முதல் நிலை என்றால் சராசரியாக 35 கிலோ நியூட்டன் வரை இறங்கலாம். இரண்டாம் நிலை என்றால் 20-க்கு மேல் இறங்கக்கூடாது. முதுகுக்கு இன்னும் கண்டிப்பு. முதல் நிலை 18, இரண்டாம் நிலை 9. எண்கள் ஞாபகம் இல்லாவிட்டால் பரவாயில்லை. ‘லெவல் 2’ என்று கேட்டு வாங்குங்கள்.

நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒரு குறி, ‘டி’ எழுத்துக்குப் பக்கத்தில் கூட்டல் அடையாளம். 40 டிகிரி சூட்டிலும் அந்தத் துண்டு சோதிக்கப்பட்டது என்று அர்த்தம். சில கவசங்கள் சூட்டில் இளகி, வேலை செய்ய வேண்டிய நேரத்தில் கொழகொழவென்று ஆகிவிடும். குளிர்தேசத்துக்காரனுக்கு இது பெரிய விஷயமில்லை. கரிசல்காட்டில் ஓட்டுகிறவருக்கு இதுதான் விஷயம்!

அப்புறம் முதுகு. கடையிலேயே அந்த முதுகுப் பையைத் திறந்து உள்ளே இருப்பதை வெளியே எடுங்கள். குறைந்த விலை ஜாக்கெட்டுகள் பலவற்றில், ஏன், சில விலையுயர்ந்த ஜாக்கெட்டுகளிலும்கூட அங்கே இருப்பது வெறும் ஸ்பாஞ்ச். சோபாவுக்கு வைப்பார்களே, அந்த ஜாதி! அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, முத்திரையுள்ள முதுகுக் கவசத்தைத் தனியாக வாங்கிப் போட வேண்டும். ஜாக்கெட் விலையோடு இந்தச் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

வெயில்தான் முதல் எதிரி

வாங்கின ஜாக்கெட் ஏன் அலமாரி ஆணியில் தொங்குகிறது என்று எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். ‘புழுங்குது!’

உடம்பு தன் சூட்டைத் தணிக்க வைத்திருக்கிற பெரிய வழி, வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுசாக ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி சூட்டை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகும். ஆவியாக வேண்டும், அதுதான் முக்கியம். வழிந்து சொட்டுகிற வியர்வையால் தண்ணீரும் உப்பும் நஷ்டம், குளிர்ச்சி இல்லை. காற்றே புகாத ஜாக்கெட்டுக்குள் நடப்பது அதுதான்.

எனவே நம்மூருக்கு ‘மெஷ்’ ஜாக்கெட். கொசுவலை மாதிரிக் கண்ணறைகள் உள்ள கெட்டித் துணி. ஆனால் உடம்பு முழுக்க வலையாக இருக்கிற ஜாக்கெட் வேண்டாம். விழுந்தால் முதலில் தரையில் படுகிற தோள், முழங்கை, முன்கையின் வெளிப்பக்கம் ஆகிய இடங்களில் கெட்டியான நைலான் துணியும், நெஞ்சிலும் கையின் உட்பக்கத்திலும் வலையுமாகத் தைத்ததைப் பாருங்கள். துணியின் நூல் பருமனை ‘டெனியர்’ என்ற கணக்கில் சொல்வார்கள். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ, அதுதான் டெனியர். 600 டெனியர் பாலியெஸ்டர் சாதாரணமாகக் கிடைக்கும். ஒரே டெனியரில் பாலியெஸ்டரைவிடக் கெட்டியான நைலான் தேய்மானத்தை அதிகம் தாங்கும். ஆனாலும் டெனியரை மட்டும் வைத்து முடிவு பண்ணாதீர்கள். நெசவும் தையலும் சேர்ந்துதான் பலம்.

‘அதுக்குச் சும்மா சட்டையைத் திறந்துவிட்டுக் காற்று வாங்கிட்டே போயிடலாமே’ என்கிறீர்களா? இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. நம் தோலின் சூடு 33 - 35 டிகிரி. வெளிக்காற்று அதைவிடச் சூடாக இருந்தால், அடிக்கிற காற்று உங்களைக் குளிர்விக்காது. ஹேர் டிரையரை முகத்தில் பிடித்த மாதிரி சூட்டை உள்ளே ஏற்றும். வியர்வை வருவதும் தெரியாமல் காய்ந்துவிடும். ஒன்றுமே வியர்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டே உடம்பில் தண்ணீர் வற்றிப்போகும். ஜாக்கெட்டுக்குள் ஒரு காட்டன் பனியன், அதை வேண்டுமானால் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து போட்டுக்கொண்டு, ஜாக்கெட்டின் ஜிப்பை முக்கால்வாசி மூடி ஓட்டிப் பாருங்கள். சட்டையைத் திறந்துவிட்டு ஓட்டுவதைவிட இதமாக இருக்கும். கழுத்தில் நனைத்த துண்டும் கட்டலாம். நுனி இரண்டையும் காலருக்குள் செருகிவிட வேண்டும், பறக்கவிடக் கூடாது.

நாற்பது நிமிஷத்துக்கு ஒருமுறை நிழலில் நிறுத்தி, நீர்மோரோ பதனீரோ தண்ணீரோ குடிப்பது நல்லது. ரத்தக் கொதிப்புக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சர்க்கரை நோயாளிகள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தலைவலி, குமட்டல், தலை கிறுகிறுப்பு வந்தால் அதுவே எச்சரிக்கை. உடனே வண்டியை ஓரங்கட்டி, ஜாக்கெட்டைக் கழற்றி, நிழலில் உட்கார்ந்து, உடம்பை நனைத்து விசிற வேண்டும். பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ அது வெப்பத்தாக்கு. உயிருக்கு ஆபத்து. நனைத்துக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.

சாரல் வந்தால்?

குற்றாலச் சாரலில் ஒரு தந்திரம் உண்டு. பெரிய மழை மாதிரி அடித்து நொறுக்காது. ‘பூ மாதிரிதானே விழுது’ என்று நிற்காமல் போவோம். அரை மணி நேரத்தில் தொப்பலாகியிருப்போம். நனைந்த துணியோடு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போனால், அதே ஆவியாகிற வித்தை இப்போது எதிரியாக மாறும். உடம்புச் சூட்டைக் காற்று உறிஞ்சிக்கொண்டே போகும். விரல் மரத்து, பிரேக் பிடிக்கிற வேகம் குறையும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று எவ்வளவு வலுவானது என்பதற்கு, அந்தப் பக்கம் நிற்கிற காற்றாலைகளே சாட்சி!

மழைக்கு மூன்று வழி இருக்கிறது. முதலாவது, ஜாக்கெட்டின் வெளித்துணியோடு நீர் புகாத சவ்வை ஒட்டியே செய்வது. 1969-ல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் கண்டுபிடித்த சவ்வு இதற்கு முன்னோடி. மழைத்துளி நுழைய முடியாத, ஆனால் வியர்வை ஆவி வெளியேறக்கூடிய நுண்ணிய துளைகள் கொண்டது. அற்புதமான விஷயம்தான். விலையும் அற்புதம்! ஆனால், உள்ளேயிருந்து ஆவி வெளியேற வேண்டுமானால் வெளியே காற்று வறண்டிருக்க வேண்டும். சாரல் காலத்தில் காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கும்போது ஆவி எங்கே போகும்? குளிர்நாட்டில் செய்கிற அளவுக்கு இங்கே அது வேலை செய்யாது.

இரண்டாவது, ஜாக்கெட்டுக்குள் ஜிப் வைத்து மாட்டுகிற மழை உள்ளுறை. பல கம்பெனிகள் இலவசமாகவே தருகின்றன. நெஞ்சு நனையாது, உண்மை. ஆனால், வெளி ஜாக்கெட் தண்ணீரை உறிஞ்சிக் கனத்துவிடும். சட்டைப்பையில் இருக்கிற ஆர்.சி. புக், போன் எல்லாம் குளிக்கும். இதில் இன்னொரு சங்கடம், மழை வந்தால் ரோட்டோரத்தில் ஜாக்கெட்டைக் கழற்றி உள்ளுறையை மாட்டி மறுபடி போட வேண்டும். அதற்குள் நனைந்தே முடிந்திருப்போம்!

மூன்றாவது வழிதான் நம் வழித்தடத்துக்குச் சரி என்பது என் அபிப்பிராயம். காற்றோட்டமான மெஷ் ஜாக்கெட், அதன் மேலே போட்டுக்கொள்கிற மாதிரி ஒரு சைஸ் பெரிய மழைக்கோட்டு - பேன்ட் செட். சுருட்டிப் பெட்டியில் போட்டுக்கொள்ளலாம். மழைக்கும் காற்றுக்கும் அதுவே திரை. சாரல் விட்டால் ஒரு நிமிஷத்தில் கழற்றிவிடலாம். அந்தக் காலத்தில் கல்கத்தாவிலிருந்து வந்த டக்பேக் ரெயின்கோட் நம் வீடுகளில் பதினைந்து, இருபது வருஷம் உழைத்ததே, ஞாபகம் இருக்கிறதா? தையல் ஒவ்வொன்றின் உள்பக்கமும் நாடா ஒட்டி அடைத்திருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். நாடா இல்லாவிட்டால் ஊசித் துளை வழியாகவே தண்ணீர் இறங்கும். தொடை இடுக்கில்தான் முதலில் தெரியும்!

தலைவழியாகப் போடுகிற பறக்கும் ரகக் கோட்டு மட்டும் வேண்டவே வேண்டாம். காற்றில் மேலே எழும்பி முகத்தை மூடும், சக்கரத்திலும் சிக்கும்.

‘நெஞ்சுல நியூஸ் பேப்பரை வெச்சுக்கிட்டே நாங்க ஓட்டலையா?’ என்பார் தாத்தா. குளிர்காற்றுக்கு அது நல்ல யோசனைதான், கேலி செய்யாதீர்கள். சாரலுக்கு முன்னால் அது காகிதக் கூழ்!

இன்னொன்று. மழை பெய்த மறுநாள் கரிசல்காட்டு ரோட்டில் டிராக்டர் டயர் கொண்டுவந்து அப்பின சேறு, சோப்பு மாதிரி வழுக்கும். அறுவடை நேரத்தில் ரோட்டில் காயப்போட்டிருக்கிற சோளமும் உளுந்தும் அப்படித்தான். ஜாக்கெட் போட்டிருக்கிற தைரியத்தில் அதில் பிரேக் அடிக்காதீர்கள்.

கறுப்பா, வெளுப்பா?

பையன்கள் பத்துக்கு ஒன்பது பேர் கறுப்புதான் எடுப்பார்கள். ‘அழுக்குத் தெரியாதும்மா!’ வெயிலில் சூடு ஏறும் என்பது ஒருபுறம். ராத்திரி லாரிக்காரர் கண்ணில் படவே மாட்டோம் என்பது மறுபுறம். நியூஸிலாந்தின் ஆக்லாந்து நகரத்தில் நடத்தி 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒளியைத் திருப்பி அடிக்கிற அல்லது பளீரென்ற நிற உடை அணிந்தவர்களுக்கு, காயம் படும்படியான விபத்து 37 சதவிகிதம் குறைவாக இருந்தது. வெள்ளை ஹெல்மெட் போட்டவர்களுக்குக் கறுப்பு ஹெல்மெட்காரர்களைவிட 24 சதவிகிதம் குறைவு. சாம்பல், வெளிர் மஞ்சள், ஏதோ ஒன்று. கறுப்புதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றால், முதுகிலும் கையிலும் ஒளிரும் பட்டை இருக்கிறதா என்றாவது பாருங்கள். மழைக்கோட்டு மேலே வரப்போகிறது என்பதால், அதை நல்ல மஞ்சளில் எடுத்துவிடலாம். வீட்டில் சமாதானமும் ஆச்சு!

கடையில் எப்படிப் போட்டுப் பார்ப்பது?

நின்றுகொண்டு கண்ணாடி பார்த்தால் பிரயோஜனம் இல்லை. பைக்கில் உட்கார்கிற மாதிரி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கையை ஹேண்டில்பார் பிடிப்பது போல நீட்டுங்கள். முழங்கைக் கவசம் முழங்கை மூட்டின் மேலேயே இருக்க வேண்டும். மணிக்கட்டு வெளியே தெரியக்கூடாது. முதுகுக்குக் கீழே ஜாக்கெட் மேலேறிப் போகக்கூடாது. இப்போது, கூட வந்தவரை முழங்கைக் கவசத்தைப் பிடித்துத் திருகச் சொல்லுங்கள். சுற்றிக்கொண்டு பக்கத்துக்குப் போனால், விழும்போதும் அப்படித்தான் போகும். கைப்புறத்திலும் இடுப்பிலும் இருக்கிற பட்டைகளை இறுக்கிப் பாருங்கள். அப்படியும் திருகினால், ஒரு சைஸ் குறைத்துக் கேளுங்கள்.

‘வளர்ற பையன், கொஞ்சம் லூசாவே எடு’ என்று யூனிஃபார்ம் எடுக்கிற கணக்கில் மட்டும் எடுத்துவிடாதீர்கள், ப்ளீஸ்! தொளதொள ஜாக்கெட் பலூன் மாதிரி காற்றில் படபடக்கும், தோளை வலிக்கவைக்கும், தேவைப்படும் நேரத்தில் கவசம் இடத்தில் இருக்காது. ஆன்லைனில் வாங்கினால், மாற்றித் தருவார்களா என்பதை முதலில் பாருங்கள். மதுரை, திருநெல்வேலிக் கடைகளில் போட்டுப் பார்த்து வாங்குவது உத்தமம்.

பெண்களுக்கென்று தனி அளவில் ஜாக்கெட்டுகள் வருகின்றன. ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிற மகள்களுக்கு அதையே எடுங்கள். தம்பி ஜாக்கெட்டை அக்கா போட்டால் தோள் கவசம் கைக்கு இறங்கிவிடும். துப்பட்டாவை ஜாக்கெட்டுக்குள் போட்டு ஜிப் இழுத்துவிட்டால் சக்கரத்தில் சிக்குகிற பயமும் இல்லை.

பின்னால் உட்கார்கிறவர்களை மறந்துவிடுகிறோம் பாருங்கள். விழுந்தால் ரோடு இரண்டு பேருக்கும் ஒன்றுதானே? சேலை கட்டி ஒருபக்கமாக உட்காருகிற அம்மாவுக்குப் பைக் ஜாக்கெட் கொடுத்தால் சிரிப்பார்கள்தான். பரவாயில்லை, ஹெல்மெட்டாவது கொடுங்கள். பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கிற சேலைக் காப்பு இருக்க வேண்டும் என்பது 1989-லிருந்தே மத்திய மோட்டார் வாகன விதி. ‘லுக்’ போய்விடும் என்று அதைக் கழற்றிப் போட்டிருந்தால் இன்றைக்கே மாட்டுங்கள். நாலு வயதுக்குட்பட்ட குழந்தையைக் கூட்டிப் போனால் இணைப்புப் பட்டையும், குழந்தைக்கேற்ற ஹெல்மெட்டும், 40 கிலோமீட்டருக்கு மிகாத வேகமும் வேண்டும் என்ற விதி 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது.

துவைக்கலாமா?

தாராளமாக. துவைக்காத ஜாக்கெட்டில் உப்புப் பூத்து, தேமலும் வேர்க்குருவும் வரும். கவசத்துண்டுகளையெல்லாம் கழற்றிவிட்டு, கொஞ்சம் சோப்புத் தண்ணீரில் கையால் அலசுங்கள். முறுக்கிப் பிழிவது, பிளீச் போடுவது கூடாது. நிழலில் உலர்த்துங்கள். சீசன் நேரத்தில் தென்காசிப் பக்க வீடுகளில் எதை மடித்து வைத்தாலும் பூஞ்சை பூக்கும். எனவே ஹேங்கரில் காற்றாட மாட்டுங்கள். கவசத்துண்டு நொறுநொறுவென்று உதிர ஆரம்பித்தாலோ, அழுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பாவிட்டாலோ மாற்ற வேண்டியதுதான். ஒரு பலத்த விழுகைக்கு அப்புறம் துணி கிழியாமல் இருந்தாலும், தையலையும் கவசத்தையும் விரித்துப் பார்க்காமல் மறுபடி போடாதீர்கள்.

யாராவது விழுந்து கிடப்பதைப் பார்த்தால், ஹெல்மெட்டையும் ஜாக்கெட்டையும் பிடித்து இழுத்துக் கழற்ற முயற்சிக்காதீர்கள். கழுத்தெலும்போ காறை எலும்போ முறிந்திருந்தால் அந்த இழுப்பிலேயே காரியம் கெட்டுவிடும். மூச்சு விட முடியவில்லை என்றால் ஒழிய, 108 வரும்வரை அசைக்க வேண்டாம். உதவி செய்கிறவரைப் போலீஸ், கோர்ட் என்று அலைக்கழிக்கக்கூடாது என்பதற்கு 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்திலேயே பாதுகாப்பு இருக்கிறது. பயப்படாமல் நில்லுங்கள். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமில்லாமல் தருகிற ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. ஆகவே ‘காசு யார் கட்டுவது’ என்று ஆஸ்பத்திரி வாசலில் தயங்கி நிற்க வேண்டாம்.

சின்னச் சிராய்ப்பு என்றால் ஓடும் சுத்தமான தண்ணீரில் நன்றாகக் கழுவி, சுத்தமான துணியால் மூடி, டாக்டரிடம் காட்டி டி.டி. ஊசி தேவையா என்று கேளுங்கள். காபிப்பொடி, மஞ்சள்பொடி, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். அவசர சிகிச்சையில் நர்ஸம்மா கத்தரியை எடுத்து உங்கள் எட்டாயிரம் ரூபாய் ஜாக்கெட்டை நெடுக வெட்டுவார். ‘ஐயோ, புதுசும்மா’ என்று தடுக்காதீர்கள். வெட்டட்டும்.